இடதுபக்கக் கைப்பிடி

மே 4, ஞாயிறு

சாமிப்பாறைக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகை ஜீப் இனி ஓடாதாம். டிரைவர் திருப்பூருக்கு மகனிடம் போய்விட்டார். அங்கே உள்ள என் பள்ளிக்கூடம் திறக்க நான்கு வாரம் இருக்கிறது. போடியிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் தார் ரோடு, கடைசி நான்கு கிலோமீட்டர் வெறும் கல். பதினேழு பிள்ளைகளுக்கு நான் தலைமை ஆசிரியை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. மாறுதல் கேட்டால் கொடுப்பார்கள், கேட்க எனக்குத்தான் மனம் வரவில்லை.

சுகப்பிரியா ஓசூரிலிருந்து போன் செய்து, சின்னதாக ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கச் சொன்னாள். அதைக் கல்பாதையில் ஏற்றினால், இறங்கும்போது நான்தான் அதைச் சுமந்துகொண்டு வரவேண்டியிருக்கும். பழைய ஜீப் ஒன்று பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்றேன். தினமும் ஓட்டவா என்று கேட்டாள். பூஜை அறையில் வைக்கவா வாங்குவார்கள்? பெற்ற மகள் சிரித்த சிரிப்பு அரை நிமிடம் கேட்டது.

அவரிடமும் சொன்னேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர், சன்னாசி. ஏலக்காய்க் காட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு இருபது வருடம் ஜீப் ஓட்டியவர். "என்னத்தையோ வாங்கு" என்று சொல்லிவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஆறடி இருக்கும். பதினான்கு மாதமாக அவருடைய ரோடு அவ்வளவுதான்.

மே 9, வெள்ளி

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். அவரை அழைத்து வர நான் பட்ட பாடு தனிக்கதை. சர்க்கரையும் கண் அழுத்தமும் சேர்ந்து ஒரு கண்ணை முதலில் எடுத்தன, போன வருடம் மார்ச்சில் மற்றதையும். கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் இப்படியே கட்டிலில் கிடந்தால் அடுத்து கால் போகும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லவில்லை, அவர் காதில் விழும்படியே சொன்னார். வெளியே போகவேண்டும், நடக்கவேண்டும் என்றார். இவர் தலையாட்டினார். டாக்டர் போனதும் தலையணையை உதறிப் போட்டுப் படுத்தார்.

கண் போன புதிதில் தனியாகவே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே ஒரு புண்ணியவான் கேட்காமலே கையைப் பிடித்து, 'கண்ணு தெரியாத ஆளு, வண்டிய நிறுத்துங்கப்பா' என்று கூவிக்கொண்டு ரோட்டைக் கடக்க வைத்தானாம். நின்ற வண்டி ஒரு ஜீப். ஓட்டியவர் இவரோடு வண்டி ஓட்டியவர். 'அண்ணே' என்று அவர் கூப்பிட்ட குரலை இவர் பொறுக்கவில்லை. அன்று வந்து செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, பரணில் போடச் சொன்னார். முடிவெட்டுகிறவரும் அன்றிலிருந்து வீட்டுக்குத்தான் வருகிறார்.

மாவு புளிக்கவில்லை. நாளைக்கு உப்புமா.

மே 14, புதன்

கம்பத்தில் ஒரு ஜீப் பார்த்தோம். கூட வந்தது பட்டறை சிக்கந்தர். இவருடைய வண்டிக்கு அந்தக் காலத்தில் வைத்தியம் பார்த்தவர். ஒரு ஏலத்தோட்டக்காரர் வீட்டுக் கொட்டகையில் நின்றது. பச்சை நிறம், தார்ப்பாய்க் கூரை. அதிலே கோழி இரண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. சிக்கந்தர் அடியில் படுத்துப் பார்த்தார், எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார், ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மூன்றாவது முறை பிடித்தது. அந்தச் சத்தம் எனக்கு அடிவயிற்றில் கேட்டது.

இதையும் எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். எங்கள் ஜீப்பை 2004இல் விற்றோம். எனக்கு ராமநாதபுரம் பக்கம் வேலை நிரந்தரமாகி நாங்கள் அங்கே போக வேண்டியிருந்தது. நம்பர் 3618. அன்றிலிருந்து எந்த ஊரில் எந்த ஜீப் எதிரே வந்தாலும் என் கண் நம்பருக்குத்தான் போகும். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் எட்டிப் பார்ப்பேன். இருபத்தொரு வருடமாக இந்தக் கிறுக்கு. கம்பத்து வண்டியின் பின்னால் போய் முதலில் பார்த்ததும் அதைத்தான். 3618 இல்லை. எப்படி இருக்கும்?

எங்கள் வண்டி என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா என்று சிக்கந்தரிடம் கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீ வந்துவிட்டது. டீயைக் குடித்தார்.

விலை பேசி வண்டியை முடித்தாயிற்று.

மே 15, வியாழன்

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

காலையில் ஜீப் வாங்கியாச்சு என்றேன். ம் என்றார். டீசல் என்றேன். ம். பச்சை என்றேன். அதற்கு ம் கூட இல்லை. பச்சையோ சிவப்போ அவருக்கு என்ன என்று எனக்கே உறைத்தது. அந்தச் சங்கடத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நம்ம வண்டிதாங்க. 3618. கம்பத்துல கிடந்துச்சு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கையால் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "கைப்பிடி இருக்கா?" என்றார்.

இருக்கு என்றேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்த வாய் இது.

மே 16, வெள்ளி

கைப்பிடி கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். திங்கள் போனால் வெள்ளி இறங்குவேன். அப்போதுதான் இவருடைய ஜீப். பதினெட்டுப் பேரை அடைத்தாலும் முன்சீட்டில் இடது ஓரம் 'டீச்சருக்கு' என்று காலியாக வைத்திருப்பார். எஸ்டேட் கங்காணி வந்து நின்றாலும் பின்னால் ஏறு என்பார். அந்த ஓர சீட்டிலேயே எல்லாம் நடந்து முடிந்தது. இரண்டு வீட்டிலும் எங்களுக்குச் சோறு போடவில்லை. அதனால் என்ன, அடிவாரத்தில் ஒரு பரோட்டா கடை இருந்தது.

சுகப்பிரியா ஏழு மாதம் வயிற்றில் இருந்தபோது, வளைவுகளில் பிடித்துக்கொள்ள ஏதுமில்லாமல் நான் தடுமாறினேன். ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் என் லேடீஸ் சைக்கிளுக்கு ஹேண்டில்பார் இல்லை. அறுத்து, ஒரு பாதியை ரப்பர் பிடியோடு ஜீப்பில் என் சீட்டுக்கு எதிரே பற்றவைத்திருந்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதைப் பிடித்துக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். அதன்பின் என்ன பேசுவது.

இன்று பழைய இரும்புக்கடையில் அதே மாதிரி சைக்கிள் ஹேண்டில் தேடினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிக்கந்தர் எதற்கு என்று கேட்காமல் வெல்டிங் வைத்தார். பளபளப்பு தெரியக்கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள் என்றேன். "அண்ணனுக்குத்தான் தெரியாதே டீச்சரம்மா" என்றார். கைக்குத் தெரியுமே என்றேன்.

மே 18, ஞாயிறு

வண்டி வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அவர் வாசற்படிவரை வந்து நின்றார். வெறுங்காலோடு. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவார் என்று பயம். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய்க்கு உள்ளே போய் ஜன்னல் வழியே பார்த்தேன்.

படியிறங்கி வந்தார். பானெட்டில் கை வைத்தார். விளக்கு, மட்கார்டு, கண்ணாடிச் சட்டம், கதவில்லாத ஓரம் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். கைப்பிடியிடம் வந்ததும் நின்றார். மேலும் கீழும் தடவினார், பற்றவைத்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டி ஓடாமலே கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசிக் கியர் போட்டதும் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

பால் உண்மையாகவே பொங்கி வழிந்துவிட்டது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. ஜீப்பில் போனேன். தோள்பட்டை என்னுடையது இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

கார் ஓட்டக் கற்றதெல்லாம் இதற்கு உதவாது. ஸ்டியரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல் சுற்றுவதுபோல இருக்கிறது. கிளச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கிவிட்டது. காற்றுக்குக் குறைவில்லை, நான்கு பக்கமும் வருகிறது. தார்ப்பாய் ஒரே இடத்தில் ஒழுகுகிறது, அது சரியாக என் தலைக்கு மேலே. இருந்தும், மேலே போய் இறங்கியதும் பிள்ளைகள் ஓடிவந்து வண்டியைச் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தபோது, எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் உள்ளேயிருந்து குரல். கிளச்சில் கால் வைத்துக்கொண்டே இறங்கினாயா என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். வாசனை வருகிறதாம். என்னோடு வர மாட்டேன் என்கிற மனிதர் வண்டியைப் பற்றி மட்டும் மூக்கை நீட்டுகிறார்.

ஜூன் 12, வியாழன்

தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி நேரம் நடக்கிறது. எங்கே சத்தம் வந்தது, ஏற்றத்திலா இறக்கத்திலா, சத்தம் 'கர்'ரா 'கிர்'ரா. நான் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். மக்குப் பிள்ளைகள் கரும்பலகை முன்னால் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. கூட வந்து நீங்களே கேளுங்களேன் என்றேன். பேச்சை மாற்றி, சத்துணவு முட்டை வந்துவிட்டதா என்று கேட்டார்.

ஜூன் 19, வியாழன்

மழை. பள்ளிக்கு அரை கிலோமீட்டர் முன்னால் ஒரு மொட்டை ஏற்றம் இருக்கிறது. வண்டி ஏறவில்லை. சக்கரம் சேற்றில் சுற்றிக்கொண்டே பின்னால் வழுக்கியது, பக்கத்தில் பள்ளம். பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காட்டில் வேலை செய்த நாலு பெண்கள் வந்து கல் வைத்து முட்டுக்கொடுத்துத் தள்ளினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அவருக்குக் கேட்கும்படி அழவேண்டும் என்று நினைக்கவில்லை. மெதுவாக அழவேண்டும் என்றும் நினைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார். "பரண்ல இருந்து செருப்ப எடு டீச்சர். நாளைக்கு நானும் வர்றேன்."

ஜூன் 20, வெள்ளி

வந்தார்.

என் பழைய இடத்தில், இடது ஓரத்தில் அவர். அவருடைய இடத்தில் நான். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைத்தெரு தாண்டும்வரை தலையைக் குனிந்தே இருந்தார். சமமான ரோட்டுக்கு வந்ததும், "நாலப் போடு டீச்சர், மூணுலயே ஏன் இழுத்துக்கிட்டுப் போற" என்றார். சத்தத்தை வைத்தே எந்தக் கியர் என்று சொல்லிவிடுகிறார். அந்தக் காலத்தில் இந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் பள்ளத்தை மட்டும்தான். கியர் இருந்த திசைகூட எனக்கு நினைவில்லை.

மொட்டை ஏற்றத்தின் அடியில் நிறுத்தச் சொன்னார். முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற சின்ன லிவர் ஒன்று கியருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் இதுவரை தொட்டதே இல்லை, கைப்பை மாட்டுவதற்கு வசதியாக இருந்தது. அதை அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டது பெரிய விஷயம். என் கைமேல் தன் கையை வைத்து லிவரைத் தள்ளினார். "இப்ப பதறாம விடு. வண்டி அதுவா ஏறும், நீ தடுக்காம இருந்தாப் போதும்." ஏறியது.

பள்ளியில் மதியம்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்டார்கள். பெரியவர்கள் கேட்கக் கூசும் கேள்வியெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஜூலை 4, வெள்ளி

பதினோரு நாளாக நிற்காமல் வருகிறார். பள்ளிக்குப் பின்னால் உள்ள ஓடைவரை தினமும் பிள்ளைகளோடு நடக்கிறார். சர்க்கரை குறைந்திருக்கிறது. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி அவரே முடிவெட்டும் கடைக்குள் போனார், ஒரு கை என் தோளில். 'என்ன சன்னாசிண்ணே, புது வண்டியா' என்று யாரோ கேட்டார்கள். "பழைய வண்டிதான்" என்றார்.

சொல்லிவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். கண் தெரியாதவரை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். நம்பர் என்னவென்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. என்னை அவ்வளவு நம்புகிறார். சொன்னால் மறுபடி செருப்பு பரணுக்குப் போய்விடும். சொல்லாமல் இருந்தால் என் மனது என்னைத் தின்கிறது. காலா மனதா என்றால், காலே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 10, வியாழன்

வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. நல்லவேளை, என் பக்கம்.

ஜூலை 17, வியாழன்

இறங்கும்போது கல்பாதையில் சக்கரம் பெரிய குழியில் விழுந்தது. டமார் என்று ஒரு சத்தம். பார்த்தால் கைப்பிடி பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. முழங்கால் முன்னால் இடித்து ரத்தம். வண்டியை நிறுத்திச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். அவர் காயத்தைக் கவனிக்கவில்லை. பெயர்ந்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பி விரலால் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபட்ட வாய் புதிதாகப் பளபளத்தது. எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் தெரிகிறது என்று அவர் விரலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வீடு வரும்வரை நான் மூன்றாவது கியரிலேயே வந்தேன், அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

காலுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு, சொல்லிவிட்டேன். "அது நம்ம வண்டி இல்லைங்க. நான் பொய் சொன்னேன்."

அவர் கட்டிலுக்கு அடியில் உள்ள தன் டூல்ஸ் பெட்டியை இழுக்கச் சொன்னார். அவருடைய பெட்டி, நான் தொடுவதில்லை. இழுத்தேன். ஸ்பேனர்களுக்கு அடியில் காக்கிச் சட்டையில் சுற்றி ஒரு பொருள். பிரித்தேன். என் சைக்கிளின் பாதி ஹேண்டில். வெடித்த ரப்பருக்கு மேல் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தது, சாயம் போய். ஏழாம் மாதத்தில் கை வியர்த்து வழுக்குகிறதென்று என் தலையிலிருந்து அவிழ்த்து நானே சுற்றிய ரிப்பன். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ரெண்டு வருசத்துலயே தேனியில இரும்புக் கடையில நம்ம வண்டிய வெட்டிக்கிட்டு இருந்தாங்க. சிக்கந்தர்தான் போன் பண்ணிச் சொன்னான். ஓடிப் போயி இத மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்" என்றார். ராமநாதபுரத்திலிருந்து ஒருநாள் சித்தப்பா மகன் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனாரே, அது இதற்குத்தானாம்.

எங்கிட்ட ஏன் சொல்லலை என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்றது. நீதான் ரோட்டுல போற ஜீப்பு நம்பரயெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தியே."

நான் நம்பர் பார்ப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அப்படியானால் முதல் நாளே, நான் வாயைத் திறந்த நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கைப்பிடி இருக்கா என்று பிறகு ஏன் கேட்டாராம்? நான் என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்றுதானாம். அதோடு எங்கள் வண்டிக்கு மூன்றே கியர், இதற்கு நான்கு. அன்று வாசலில் சிரித்தது அதற்கு.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தேனே. சிக்கந்தருக்கும் எல்லாம் தெரிந்து, உப்புத்தாள் போட்டு மெனக்கெட்டுத் தேய்த்தாரே. பிறகு ஏன் எதுவும் தெரியாதவர் மாதிரி கூட வந்தீர்கள் என்று கத்தினேன்.

அவர் ரிப்பனைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒனக்குப் பொய் சொல்லவே வராது டீச்சர். வராத பொய்யச் சொல்லி, அதோட நிக்காம வெல்டிங் வேற வச்சுக் கொண்டாந்து நிறுத்திட்ட. அதுக்கப்புறமும் நான் கட்டில்லயே கிடந்தா மனுசனா?"

அழுதேன். இந்தத் தடவை அவருக்குக் கேட்கவேண்டும் என்றே அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

பள்ளிக்குப் போகும் வழியில் சிக்கந்தர் பட்டறை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரிப்பன் கருகாமல் அவிழ்த்து வைத்திருந்து, பற்றவைத்ததும் நானே மறுபடி சுற்றினேன். இவர் பக்கத்தில் நின்று, உள்பக்கமும் ஒரு கோடு இழுடா, இந்தத் தடவையாவது ஒழுங்கா ஒட்டு என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். நேரமாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் பத்து நிமிடம் தாமதம் என்று நானே எழுதினேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை, உள்ளூர் விடுமுறை. இட்லிக்கு அரைத்து வைத்தேன். சுகப்பிரியா போன் செய்து, அடுத்த வாரம் வருகிறேன், ஜீப்பில் ஒரு சுற்றுக் கூட்டிப் போகவேண்டும் என்றாள். முன்சீட்டு அப்பாவுக்கு, நீ பின்னால் ஏறு என்றேன்.

ஜூலை 28, திங்கள்

காலையில் ஏறும்போது மலையிலிருந்து மூன்று ஜீப்புகள் எதிரே இறங்கின. மூன்றும் எங்களைத் தாண்டிப் போய் வளைவில் மறைந்த பிறகுதான் கவனித்தேன். நம்பரைப் பார்க்கவில்லை.